காலி என்று எழுதிய டப்பா

பிப்ரவரி 9, வியாழன்

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாக இரு. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன். உன் மலைக்கு போன் எட்டாதது இன்றைக்கு நல்லதாகப் போயிற்று. எட்டியிருந்தால் இந்தக் குப்பை ஷெட்டின் தகரக் கூரை பறக்கிற மாதிரி கத்தியிருப்பேன். லாரிக்காரர் நாளை மேலே வருகிறார். வழக்கம்போல அவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் இதைப் போட்டு அனுப்புகிறேன். திங்கட்கிழமை அவர் உங்கள் குப்பையோடு இறங்கும்போது உன் பதில் அதே டப்பாவில் இருக்க வேண்டும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு தகரம் நசுக்கும் எங்கள் பிரஸ் மிஷினில் ஒரு கேஸ் டப்பா வெடித்தது. டென்ட் போட்டுத் தங்குகிறவர்களின் அடுப்பில் மாட்டுவீர்களே, அந்தக் குட்டை டப்பாதான். காலி என்று நினைத்து மற்ற தகரங்களோடு அதை மிஷின் வாயில் தள்ளியவள் சிரிப்பு. ஆறு வருஷமாக என் பக்கத்தில் நின்று குப்பை பிரிக்கிறாளே, எதற்கெடுத்தாலும் சிரிப்பாளே, அவள்தான். மிஷின் அமுக்கியது. டமார் என்று ஒரு சத்தம், ஆள் உயரத்துக்கு நெருப்பு. வலது கை விரலிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று. இரண்டு புருவமும் காணோம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். நான் அழுகிறேன், அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "புருவம் போச்சுடி. இனிமே நான் கோவமா இருக்கேனா, ஆச்சரியமா இருக்கேனான்னு என் வீட்டுக்காரருக்கே தெரியாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் கன்னம் இழுத்து வலித்தது. அதற்கப்புறம்தான் அழுதாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அந்த மூட்டை உன் கேம்பிலிருந்து வந்தது. பச்சைக் கயிறு, நம் முடிச்சு. நீ மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட வருஷம், பையை அவிழ்த்துத் தரச் சொல்லி யாரிடமும் நீ கெஞ்சக் கூடாது என்று நான் உனக்காகவே யோசித்துப் போட்ட முடிச்சு. ஒரு கையால் கயிற்றின் வாலைப் பிடித்து இழுத்தால் போதும், அவிழ்ந்துவிடும். உன்னையும் என்னையும் தவிர அதைப் போடுகிறவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்த வாரத்திலிருந்து கேஸ் டப்பா கலந்து மூட்டை வந்தால் நான் வாங்க மாட்டேன். தங்கை மூட்டை என்றாலும் மாட்டேன். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள், அங்கே பனி அதிகம் என்று லாரிக்காரர் சொன்னார்.

கோபத்தோடும் அன்போடும்,
உன் அக்கா


பிப்ரவரி 12, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்காகச் சிரிப்பக்காவின் காலைத் தொட்டுப் பார்த்துக்கொள். கைதான் வெந்துபோயிற்று என்று எழுதியிருக்கிறாயே.

ஆனால் ஒன்று. அந்த டப்பா என்னுடையது இல்லை. நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை அக்கா. இந்தக் கேம்பில் காலி டப்பாவைப் பார்ப்பது என் வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டேன். விடியற்காலை அடுப்பு தானாக அணையும். அதன் திருகை முழுதாகத் திறந்து பார்ப்பேன். டப்பாவைக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்பேன். உஸ் என்று ஒரு மூச்சுகூட இருக்காது. அதன் பிறகுதான் நீல மார்க்கரில் 'காலி' என்று எழுதி மூட்டையில் போடுவேன். எட்டு வருஷமாக இப்படித்தான். எட்டு வருஷத்தில் ஒரு டப்பாவாவது வெடித்ததா?

மூட்டையை வாங்க மாட்டேன் என்கிறாய். வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? மலைக்கு ஏறியது எல்லாம் இறங்க வேண்டும், இறங்கியதற்கு உங்கள் ஷெட்டின் முத்திரைச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லையென்றால் வன அலுவலகம் கேம்ப் பெர்மிட்டைப் புதுப்பிக்காது. அடுத்த மாதம்தான் புதுப்பிக்கும் மாதம். எனக்கு இருப்பது ஒன்பது டென்டும் மழைக்கு ஒழுகும் ஒரு சமையலறையும்தான். அதையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறாயா?

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உன் சதை ஆடுகிறது, ஆனால் எனக்காக ஆடவில்லை. இதில் ஒரு சின்ன வருத்தம் எனக்கு, அவ்வளவுதான். முடிச்சு யாருடையது என்று மட்டும் அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் தங்கை


பிப்ரவரி 16, வியாழன்

அன்புள்ள வாலுக்கு,

யாருடைய டப்பா என்று வாயால் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று நானே சோதித்துவிட்டேன்.

திங்கட்கிழமை வந்த உன் மூட்டையில் கேஸ் டப்பா ஆறு இருந்தது. ஆறிலும் உன் அழகான நீலக் கையெழுத்தில் காலி, காலி, காலி. ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டேன். நாலு டப்பா மேலாகச் சாய்ந்து மிதந்தது. இரண்டு டப்பா மட்டும் நிமிர்ந்து, பாதி உடம்பு அமிழ்ந்து நின்றது. அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு எதிர்த்தெரு அடுப்பு ரிப்பேர்க்காரரிடம் போனேன். கடைக்கு வெளியே, யாரும் இல்லாத இடத்தில் வைத்து அடுப்பில் மாட்டிப் பற்ற வைத்தார். ஒன்று ஏழு நிமிஷம் எரிந்தது, இன்னொன்று பதினொரு நிமிஷம். நீ காதில் வைத்துக் கேட்டுச் செத்துப்போச்சு என்று எழுதிக்கொடுத்த டப்பா, தாயே!

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க தங்கச்சி பொய் சொல்லலம்மா. அங்க குளுருல இது தூங்கிடும். அடுப்பும் அணையும், சத்தமும் வராது. கீழ வெயிலுக்கு வந்ததும் முழிச்சுக்கும்." நீ விடியற்காலையில் பார்க்கிறாய். தண்ணீரே உறைகிற நேரத்தில் பார்த்தால் அது எப்படி உஸ் என்று பேசும்? எட்டு வருஷமாக வெடிக்கவில்லை என்றால், எட்டு வருஷமாக நமக்கு அதிர்ஷ்டம் என்று அர்த்தம்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொன்னதை எழுதுகிறேன், சுவரில் ஒட்டு. விடியற்காலையில் பார்க்காதே, மத்தியானம் பார். வெளியே, காற்றோட்டமான இடத்தில், டென்டுக்குத் தள்ளி. அணைந்த டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வை. வெதுவெதுப்பு என்றால் கை பொறுக்கிற சூடு. கொதிக்கிற தண்ணீரில் வைத்தாயோ, சிரிப்பின் பக்கத்துக் கட்டில் உனக்கு. பிறகு அடுப்பில் மாட்டி, தானாக அணையும்வரை எரிய விடு. வாளியில் மிதக்கவிட்டுப் பார், காலி என்றால் சாய்ந்து மேலாக மிதக்கும். அதற்குப் பிறகும் ஆணியும் சுத்தியலும் எடுத்துக் குத்திவிடாதே, இரும்பு இரும்பில் பட்டால் பொறி பறக்கும். இதற்கென்றே பித்தளை மூக்கு வைத்த துளைப்பான் இருக்கிறது, ஒன்று லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பக்கத்தில் நெருப்பு, பீடி எதுவும் இல்லாமல் வெளியில் வைத்து ஓட்டை போடு. ஓட்டை தெரிகிற டப்பாவைத் தனி மூட்டையில் அனுப்பு. ஓட்டை இல்லாததை நான் தொட மாட்டேன்.

இனி பெரிய விஷயம். எங்கள் சூப்பர்வைசர் ஒரு பேப்பர் தயார் செய்திருக்கிறார். சிரிப்பு மடியில் தீப்பெட்டி வைத்திருந்தாளாம், அதனால்தான் தீப்பிடித்ததாம், அவளை வேலையை விட்டு நீக்க வேண்டுமாம். இவர் ஏன் துடிக்கிறார் தெரியுமா? கேஸ் டப்பாவைத் தனியாக வைக்க ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கம்பிக் கூண்டு இருக்கிறது. மூன்று வருஷமாக அதில் அவருடைய பைக் நிற்கிறது. மழையில் நனையக் கூடாதாம். கூண்டில் இடம் இல்லாததால்தான் டப்பா பிரஸ் மிஷினுக்குப் போகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் மனுஷன்.

பதினொரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டாவது நான். "நீயும் போட்டுடும்மா, எதுக்கு வம்பு" என்றார். "அவ கிட்ட தீப்பெட்டி இல்ல சார். எனக்குத் தெரியும், போட மாட்டேன்" என்றேன். "வேலை வேணுமா வேண்டாமா?" என்றார். "வேணும். அதனாலதான் பொய்ல கையெழுத்துப் போட மாட்டேங்கிறேன்" என்றேன். பேனாவை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த டப்பா உன் கேம்பிலிருந்து வந்தது, குளிரில் காலி என்று ஏமாந்துவிட்டோம் என்று உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. அது இருந்தால் அவள் பெயர் பிழைக்கும், வேலையும் பிழைக்கும். பெர்மிட் விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கேட்கிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 19, ஞாயிறு

அக்காவுக்கு,

எழுத மாட்டேன்.

நீயே நான் பொய் சொல்லவில்லை என்று எழுதிவிட்டு, என்னையே குற்றவாளி என்று கையெழுத்துப் போடச் சொல்கிறாய். அந்த அடுப்பு ரிப்பேர்க்காரர் பெரிய விஞ்ஞானி! இரண்டு டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தால், வெடித்ததும் என்னுடையது என்று ஆகிவிடுமா? மலையில் என் கேம்ப் ஒன்றுதான் இருக்கிறதா?

உன் மாப்பிள்ளையிடம் காட்டினேன். "எழுதிக் கொடுத்தா நாளைக்கே டென்ட்டச் சுருட்ட வேண்டியதுதான். உங்க அக்காவுக்கு ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் சொந்தம், நாமதான் அந்நியம்" என்றார். அவர் சொன்னதில் தப்பு எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். தெருவில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முதல் ஆளாக நிற்பாய். வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது உனக்குக் கடைசியில்தான் ஞாபகம் வரும்.

இனி என் மூட்டை உன் ஷெட்டுக்கு வராது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஷெட்டில் பேசிவிட்டேன், அங்கே வாளியும் இல்லை, கேள்வியும் இல்லை. கயிற்றையும் மாற்றிவிட்டேன், முடிச்சையும் மாற்றிவிட்டேன். சாதாரண முடிச்சுப் போடுகிறேன், எல்லாரும் போடுகிறது. உன் துளைப்பான் அட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது.

தங்கை


பிப்ரவரி 23, வியாழன்

அன்புள்ள வாலுக்கு,

'அன்புள்ள' என்ற சொல்லை நீ விட்டுவிட்டாய். நான் விட மாட்டேன், என் இஷ்டம்.

முடிச்சை மாற்றியது உன் விருப்பம். கயிறு உன்னுடையது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஷெட்டிலும் யாரோ ஒருத்தி மிஷின் வாயில் தகரம் தள்ளிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் இரண்டு புருவம் இருக்கும். அதை மட்டும் நினைத்துக்கொள்.

உன்னிடம் மறைத்த ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இரண்டு வாரமாக என் பேனா தயங்கியது. எங்கள் ஷெட்டில் வருகிற மூட்டை ஒவ்வொன்றையும் கொட்டிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் மிஷின் பக்கம் தள்ள வேண்டும். அன்றைக்கு மூட்டை பார்க்கும் முறை என்னுடையது. முந்தின நாள் இறங்கின உன் மூட்டையை எடுத்தேன். முடிச்சைப் பார்த்தேன். நம்ம வாலு கட்டினது, இதில் என்ன இருக்கப்போகிறது என்று கொட்டிக்கூடப் பார்க்காமல் அப்படியே சிரிப்பிடம் தள்ளிவிட்டேன். எட்டு வருஷமாக உன் மூட்டையை மட்டும் நான் சோதித்ததே இல்லை. முன்பின் தெரியாதவர் மூட்டையாக இருந்திருந்தால் டப்பாவைத் தனியாக எடுத்திருப்பேன், அவள் கை இன்று நன்றாக இருந்திருக்கும். நீ என்னடாவென்றால், உன்மேல் எனக்குப் பாசம் இல்லை என்று எழுதுகிறாய்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று ஆகக் கூடாது. திங்கட்கிழமை விசாரணையில் எழுந்து நின்று மூன்றும் சொல்வேன். கூண்டில் பைக் நிற்பதைச் சொல்வேன். நான் சோதிக்காமல் தள்ளியதைச் சொல்வேன். முடிச்சு என் தங்கை போட்டது என்பதையும் சொல்வேன். இரண்டாவதைச் சொன்னதும் என் வேலை போய்விடும் என்று லாரிக்காரர் முதற்கொண்டு எல்லாரும் எச்சரிக்கிறார்கள். போகட்டும். வேறு வேலை தேடிக்கொள்வேன், இரண்டு கையும் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

உனக்குத் தெரியாமல் சொன்னேன் என்று ஆகக் கூடாது, அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். நீ எழுதித் தராவிட்டால் என் வாய்வார்த்தையை அவர்கள் நம்பாமல் போகலாம். "முடிச்சு யார் வேணும்னாலும் போடலாமே" என்று சூப்பர்வைசர் இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார். நம்பாவிட்டாலும் சொல்வேன். திங்கட்கிழமை விசாரணைக்கு அவளையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருகிறார்கள், கைக்கட்டோடு.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பனிக்குத் தலையை மூடிக்கொண்டு படு.

என்றும் உன் அக்கா


பிப்ரவரி 26, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கவருக்குள் இரண்டு தாள் இருக்கிறது. மற்ற தாளை நாளை பதினொரு மணிக்கு எல்லார் முன்னாலும் சத்தமாகப் படி. சூப்பர்வைசருக்குக் காது கேட்காத மாதிரி நடித்தால் இரண்டு தடவை படி. இந்தத் தாள் உனக்கு மட்டும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்ததும் கிழித்துப் போடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கிழிப்பதற்கு முன்னால் நீ சொன்னது தப்பு என்று நிரூபித்துவிட்டுக் கிழிக்கலாம் என்று எழுந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பக் கட்டி வைத்திருந்த மூட்டையைக் கொட்டினேன். பதினெட்டு டப்பா, பதினெட்டிலும் என் கையெழுத்து. நேற்று மத்தியானம் வெயிலில், பாறைக்குப் பக்கத்தில், நீ எழுதின மாதிரியே வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து ஒவ்வொன்றாக மாட்டினேன். முதல் மூன்றும் எரியவில்லை. பார்த்தாயா என்று உன்னை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். நாலாவது எரிந்தது. எரிகிறது, எரிகிறது, அணையவே மாட்டேன் என்கிறது. சும்மா எரிவானேன் என்று பாத்திரத்தை வைத்தேன். காலி என்று நான் எழுதின டப்பாவில் பதினாலு பேருக்கு டீ போட்டேன் அக்கா.

உன் மாப்பிள்ளைக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். "எந்த டப்பா?" என்று கேட்டார். காட்டினேன். எழுத்தைப் படித்தார், டீயைக் குடித்தார். சாயங்காலம் அவரே அட்டைப் பெட்டியைப் பிரித்துத் துளைப்பானை எடுத்து வந்தார். பதினெட்டில் ஐந்து உயிரோடு இருந்தது. எட்டு வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது, போடவில்லை.

வன அலுவலகத்துக்கும் நானே ஆள் விட்டுச் சொல்லியனுப்பிவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு ரேஞ்சர் இங்கே வருகிறார். அதனால்தான் லாரியில் ஏறி உன் பக்கத்தில் வந்து நிற்க முடியவில்லை. பெர்மிட்டைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். மற்ற கேம்ப்காரர்களும் விடியற்காலையில்தான் பார்க்கிறார்கள், எல்லாரையும் கூட்டி வைத்து வாளியில் மிதக்கவிட்டுக் காட்டுங்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லப்போகிறேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டுதான் சொல்வேன். நீ மட்டும்தான் வைப்பாயா?

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. முடிச்சைப் பார்த்ததும் சோதிக்காமல் தள்ளினேன் என்று எழுதினாயே, அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை நம்பினதற்கு உனக்கு வேலை போகுமா? இனிமேல் என் மூட்டையை எல்லார் மூட்டையையும் விடக் கேவலமாகக் கொட்டிப் பார். என் தலைமேல் சத்தியம், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

உன் தங்கை, வாலு


ஷெட்டுக்கும் விசாரணைக்கு வந்திருப்பவர்களுக்கும்,

வணக்கம். இதைப் படிப்பவர் என் அக்கா. எழுதியது நான், மலைக் கேம்ப் நடத்துகிறவள். பிப்ரவரி 7 அன்று உங்கள் மிஷினில் வெடித்த டப்பா நான் அனுப்பிய மூட்டையில் வந்தது. அதில் காலி என்று எழுதியது நான். கடுங்குளிரில் சோதித்து ஏமாந்தேன். காயம்பட்ட அந்தம்மாவிடம் தீப்பெட்டி இருந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் இந்த டப்பா நசுங்கி வெடிக்கத் தீப்பெட்டி தேவையில்லை. அவர்மேல் பழி போடுகிறவர்கள் முதலில் பின்பக்கம் போய்க் கூண்டில் நிற்கும் பைக்கை வெளியே எடுக்கட்டும். தப்பு என்னுடையது. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லக் காத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு பதினெட்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். எல்லாம் எரித்துத் தீர்த்து, ஓட்டை போட்டது. பச்சைக் கயிறு, பழைய முடிச்சு. முடிச்சு யார் வேண்டுமானாலும் போடலாம் என்று சொல்கிறாராம் ஒருவர். அவரையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மூட்டையை அக்கா அவிழ்க்க வேண்டாம், அந்தம்மா அவிழ்க்கட்டும். வலது கையில் கட்டு இருக்கிறது என்று தெரியும். வாலைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள், இது ஒரு கையாலேயே அவிழும்.